நாலு மணிக்கு மேல் பிள்ளை எங்கே? – பி.டி. மாஸ்டர் பதில்கள்

போன இதழில் "பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பழக்கங்கள் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு கட்டம் போட்டிருந்தோம். வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் பேசின் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான். எனக்கு அதில் ஆச்சரியமில்லை, நானும் இந்தப் பக்கத்து ஆள். வடசென்னைப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருஷம் விசிலும் கையுமாக நின்றவன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து விஷயத்தில் ஓரளவுக்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன். யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: மாஸ்டர், நான் சௌகார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாவது படிக்கிற என் பையனின் யூனிஃபார்மைத் துவைக்கும்போது பாக்கெட்டில் டீத்தூள் பை மாதிரி குட்டியாக ஒரு வெள்ளைப் பை இருந்தது, புதினா வாசனை. கேட்டால் ஃப்ரெண்டுது என்கிறான். அவங்க அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். இரண்டு நாளாகப் பையன் யாரோடும் பேசவில்லை. அது என்ன, நான் என்ன செய்ய? – ஒரு தாய், கொருக்குப்பேட்டை

அது புகையிலை, அம்மா. பையன்கள் பாஷையில் 'கூலிப்'. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். புகை கிடையாது, துப்ப வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் மிட்டாய் வாசனைதான் வரும், அதனால் பிடிபடுவதும் அபூர்வம். ஒரு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பையன் மட்டும் "உள்ளேன் ஐயா"வை உதடு பிரியாமல் முனகிக்கொண்டே இருந்தான். பல்வலி என்று நினைத்து நான் அவனுக்குக் கிராம்பு வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. இவ்வளவு அனுபவம் உள்ள என் லட்சணமே இது, ஆகவே நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அழ வேண்டாம்.

குட்கா, மெல்லும் புகையிலை வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை இருக்கிறது. இருந்தும் கிடைக்கிறது. 2024-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாவதைச் சொல்லி, நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்கிற அளவுக்குப் போனது. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. 2019-ல் எடுத்த தேசியக் கணக்குப்படி, 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டு பேருக்கு மேல் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை எடுக்கிறார்கள். மெல்லுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பத்து வயது முடிவதற்குள்ளேயே தொடங்கிவிட்டவர்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு, அம்மா.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடைக்குக் கிளம்புவது காலை ஒன்பது மணி, ஷட்டர் இறக்கிவிட்டு வீடு வந்து சேர எட்டரை ஒன்பது ஆகும், சரிதானே? பள்ளி விடுவது நாலு மணி சுமாருக்கு. நடுவில் நாலரை மணி நேரம் அவன் எங்கே இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான், கையில் இருபது ரூபாய் எப்படி வருகிறது? பையைச் சோதனை போடுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். நான் பார்த்த வரை எந்தப் பிள்ளையும் முதல் தடவை இதையெல்லாம் கெட்டுப்போக வேண்டும் என்று தொட்டதில்லை. பசி, போர் அடித்தது, பக்கத்தில் ஒரு அண்ணன் நீட்டினான், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்லுங்கள், பெல்ட்டுக்கு நிக்கோட்டின் பயப்படாது. அடித்தால் பழக்கம் நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். இன்று இரவு சாப்பாடு போட்டுவிட்டு, "யார் கொடுத்தது" என்று ஆரம்பிக்காமல், "ஒரு நாளைக்கு எத்தனை" என்று கேளுங்கள். பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. நிறுத்தினால் முதல் மூன்று நாள் ரொம்ப மோசம்: எரிச்சல், தலைவலி, தூக்கம் வராது, கண்டபடி பசிக்கும். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அந்த நாட்களில் வாய்க்கு வேலை வேண்டும். வறுத்த கடலை, கொய்யா, அரிநெல்லிக்காய், எது கிடைக்கிறதோ அது. திட்டுவதை மட்டும் ஒரு மாதம் ஒத்தி வையுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண் புகையிலையை விடுவதற்கென்றே இருக்கிறது. சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

இன்னொரு சோதனை. அவனுடைய மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாலோ, உள்கன்னம் வெளுத்து இறுகியிருந்தாலோ, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அந்த வாரமே கூட்டிப் போங்கள். பாக்குப் போடுகிற பிள்ளைகளுக்கு அந்த இறுக்கம் வரும். முழுசாகத் திரும்பாது, புற்றுநோய் வரை போகக்கூடியது. ரெண்டு ரூபாய் பாக்குப் பொட்டலம்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம்.

கேள்வி: இந்தக் காலத்துப் பசங்களே மோசம். எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் உண்டா? – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

உண்டு ஐயா. மார்னிங் ஷோ இடைவேளையில் தியேட்டர் கக்கூஸில் ஒரே பீடியை நாலு பேர் இழுத்தது யாராம்?

கேள்வி: மாஸ்டர், என் பையனுக்குப் பதினாறு வயசு. லீவு விட்டால் என்னோடு ஃபைபர் போட்டில் கடலுக்கு வருகிறான், அலை தாண்டும்போதுகூட அசரமாட்டான். அவனுக்கு பைக் ஓட்டத் தெரியாதா? ஸ்கூலுக்கு வண்டியில் போகிறான், வாத்தியார் கூப்பிட்டுத் திட்டுகிறார். இது என்ன நியாயம்? – காசிமேடு

அண்ணே, உங்கள் பையனின் கைத்திறமை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். காற்று மாறினால் "டேய், திருப்புடா" என்று சொல்ல ஒரு குரல் இருக்கிறது. பைக்கில் அவனுக்குப் பின்னால் உட்காருவது யார்? அவன் கிளாஸ் பையன். அவன் சொல்வது "டேய், முறுக்குடா". இந்த வயதில் தனியாகப் போகும்போது நிதானமாக ஓட்டுகிற பிள்ளைகூட, கூட்டாளி பார்க்கிறான் என்றால் ஆளே மாறிவிடுவான். மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி சீக்கிரமே வேகம் பிடித்துவிடுகிறது, கடிவாளம் போடும் பகுதி முழுசாக வளர இருபத்தைந்து வயது வரை ஆகும் என்கிறார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் அந்தக் கடிவாளம் இல்லாமல் புகுந்து போவதை நினைத்துப் பாருங்கள்.

என்னிடம் படித்த ஒருவன், கோ-கோவில் மண்டல அளவுக்குப் போனவன், இரண்டு லாரிக்கு நடுவில் போய் முழங்காலுக்குக் கீழே இழந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் செத்துப்போனான். உயிரோடு இருப்பவன்தான் இன்றும் என்னைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறான்.

சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்பது 50 சிசி வரைக்குமான, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இடித்த வண்டியை ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்றால், எதிராளிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடமிருந்து வசூலிக்கவும் வருவார்கள். ஒரு சீசன் மீன் பிடித்தாலும் கட்டமுடியாத தொகையாக இருக்கும். வாத்தியார் திட்டியது உங்களுக்குச் சகாயம் அண்ணே. இலவச பஸ் பாஸ் இருக்கிறது, வாங்கிக் கொடுங்கள். புட்போர்டில் தொங்கினால் மறுபடி எனக்கு எழுதுங்கள், அதற்கு வேறு மாதிரி பதில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: சார், நான் பத்தாவது படிக்கிறேன். என் க்ளோஸ் ஃப்ரெண்டு வெயிலிலும் ஃபுல் ஹேண்ட் போட்டு வருகிறாள். ஒரு நாள் கை கழுவும்போது பார்த்தேன், கையில் வரிசையாகக் கோடு கோடாகக் கீறியிருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. – ராயபுரம்

அம்மாடி, முதலில் உனக்கு. நீ பார்த்ததும் கவலைப்பட்டதும் எழுதியதும் சரியான காரியம். அந்தச் சத்தியத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும். அவள் கோபப்பட்டால் பரவாயில்லை, கொஞ்ச நாளில் சரியாகும்.

நாளைக்கு அவளிடம் தனியாகப் பேசு. "ஏன்டி இப்படிப் பண்ணினே" என்று கேட்காதே, அது திட்டு மாதிரி கேட்கும். "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் இருக்கேன், ஆனா இதை நம்ம ரெண்டு பேரு மட்டும் வச்சுக்க முடியாது, வா, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம்" என்று சொல். செத்துப்போகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பெரியவர்களே பயப்படுகிறார்கள். வராது. யாராவது கேட்டார்களே என்று பாரம்தான் இறங்கும். ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதே, அந்த நிமிஷமே ஒரு பெரியவரைக் கூப்பிடு.

யாரிடம் சொல்வது? கத்தாத ஒரு பெரியவரிடம். உன் அம்மாவாக இருக்கலாம், ஒரு டீச்சராக இருக்கலாம். முதல் ஆள் "இதெல்லாம் நடிப்பு" என்று தள்ளிவிட்டால் இரண்டாவது ஆளிடம் போ. 14416 மனநல உதவி எண், 1098 குழந்தைகளுக்கான எண், இரண்டுமே இலவசம், எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், நீயே அவளுக்காகக் கூப்பிடலாம். அதற்குப் பிறகு இதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ அவளுக்குத் தோழி, டாக்டர் இல்லை, ராத்திரிக் காவலும் இல்லை.

இதைப் படிக்கிற டீச்சர்களுக்கு ஒன்று. வகுப்பில் எல்லார் முன்னாலும் "கையைக் காட்டு" என்று சட்டையை ஏற்றிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வராது.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன் சார். ட்யூஷன் முடித்து வரவே ஒன்பதரை ஆகிறது, அப்புறம் படிக்கணும். தினம் இருபது ரூபாய்க்கு ஒரு எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன். சரக்கு இல்லையே, தப்பா? – வியாசர்பாடி

சரக்கு இல்லை தம்பி, காஃபின். அந்த பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அவர்களே போட்டிருப்பார்கள், போட்டே ஆகவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம், அதாவது கால் லிட்டர் பாட்டிலில் 75 வரை. இரவு ஒன்பதரைக்குக் குடித்தால் விடியற்காலை மூன்று மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கம் கெடும், மறுநாள் தலை கனக்கும், மறுபடி பாட்டில். இப்படித்தான் சக்கரம் சுற்றுகிறது. உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். எட்டு மணி நேரமாவது தேறுகிறதா பார். படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூங்கும்போதுதான். பாட்டிலை விடு, போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு, காலையில் ஐந்தரைக்கு எழுந்து படி. நெஞ்சு படபடப்பு இருந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்.

கேள்வி: என் தம்பி பத்தாவது. 'மாத்திரை' போடும் கூட்டத்தோடு திரிகிறான். கண் சொருகிக்கொண்டு வருகிறான். போலீஸுக்குப் போகப் பயமாக இருக்கிறது. – அக்கா, புளியந்தோப்பு

வலி மாத்திரைகளைத்தான் இப்படித் தவறாக எடுக்கிறார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத சாதி. ஊசியாகவும் ஏற்றுகிறார்கள் என்றால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்ஐவியும் சேர்ந்தே வரும். நீங்கள் முதலில் போக வேண்டியது ஸ்டேஷனுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. ஸ்டான்லியில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். 14446 போதை மீட்புக்கான இலவச எண். வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உடம்பு முறுக்கி, வாந்தி பேதி என்று படாதபாடு படுவான், நிறுத்துவதற்கும் மருத்துவர் வேண்டும். ஒன்று முக்கியம்: தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 108.

கேள்வி: ஸ்கூல் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். நான் சிங்கிள் சிகரெட் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கப்போகிறான். என்னை மட்டும் குறை சொல்வது ஏன்? – மூலக்கொத்தளம்

பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது, பதினெட்டு வயசு ஆகாதவனுக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. 2003-லேயே சட்டம் வந்தாச்சு. சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமை: பிள்ளைக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அடுத்த கடைக்காரருக்கும் இதே சட்டம்தான். உங்கள் கடைத் தூணில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் இருக்கும் இல்லையா, அது எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு கடையில் எட்டாம் வகுப்புப் பையன் முகவாய்க்குச் சரியாக இருந்தது.

கேள்வி: காலையில் பிரேயரில் வாரம் இரண்டு பெண்களாவது மயங்கி விழுகிறார்கள். கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுகிறார்கள். – ஆசிரியை, தண்டையார்பேட்டை

டீச்சர், காலைச் சாப்பாட்டைக் கேட்டீர்களா? காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, பெரிய பெண்களுக்கு டீயும் பன்னும்தான், அதுவும் தம்பிக்குக் கொடுத்தது போக. ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடப்பதும் இப்போது சேர்ந்திருக்கிறது. நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த நீல மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், பிறகு ஜென்மத்துக்கும் தொடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் எதிரிலேயே போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் வீசுவது அந்தப் பயத்தில்தான், வெளியே சொல்லக் கூச்சம். அதோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். அடிக்கடி விழுகிற பெண்ணை மட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: சார், எல்லாரும் எங்களைத்தான் திட்டறீங்க. நாலு மணி ஆனா ஸ்கூல் கிரவுண்டு கேட்டைப் பூட்டிடறாங்க. தெருவுல விளையாண்டா பந்தைப் புடுங்கிக்கறாங்க. நாங்க எங்க போறது? – ஒன்பதாவது மாணவன், எருக்கஞ்சேரி

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உன்னுடையதுதான் தம்பி. நானும் சாவி கையில் இருந்த காலத்தில் ஆறரை வரை கேட்டைத் திறந்து வைத்தேன். ஒருவன் விழுந்து கை முறிந்தது, மேலிடத்திலிருந்து எனக்கு மெமோ வந்தது, சாவி போய்விட்டது. பூட்டுகிறவர்களுக்கும் அந்தப் பயம்தான், கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன்.

இதைச் செய். பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்: வாரம் ஐந்து நாள், நாலிலிருந்து ஆறு வரை கிரவுண்டு வேண்டும், கூட யாராவது ஒரு பெரியவர் நிற்பார் என்று. அந்தப் பெரியவரை நீங்களே தேடுங்கள், தெருவில் பழைய புட்பால் பிளேயர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார், வியாசர்பாடி பக்கத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. மனுவை ஹெச்.எம். கையில் மட்டும் கொடுத்துவிட்டு வராதே. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், உன் ஃப்ரெண்டின் அம்மாகூட உறுப்பினராக இருப்பார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். இன்னொரு காப்பி வார்டு கவுன்சிலருக்கு. கொடுக்கும்போது உன் காப்பியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள், மறக்காதே. பந்தைப் பிடுங்கி வைத்திருக்கிற வீட்டுக்காரரிடமும் ஒரு கையெழுத்து கேட்டுப் பார், அவர்தான் முதல் ஆளாகப் போடுவார்.